ஹோட்டல் வாயிலில் சில ஆங்கிலச் சொற்கள்

நம் நாட்டில் எந்தப் பெருநகருக்குச் சென்றாலும், பெரிய விடுதியின் வாயிலைக் கடந்தவுடன் நம்மை எதிர்கொள்வது ஒரு நீண்ட மேஜை. அதன் பின்னால் நிற்பவர் வங்காளியாகலாம், மலையாளியாகலாம், பஞ்சாபியாகலாம். அவர் வாயினின்று வரும் சொற்கள் மட்டும் எங்கும் ஒன்றே. ‘ரிசர்வேஷன் உண்டா? யார் பெயரில் புக்கிங்? செக்-இன் பகல் பன்னிரண்டு மணிக்கு.’ ஆங்கிலம் பயிலாத பயணிக்கும் இவை விளங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இச்சொற்களின் பூர்விகத்தை ஆராயப் புகுந்தால், அவற்றுட் பல ஒரே வினாவைச் சுற்றி நிற்பதைக் காண்கிறோம். வாயிலில் வந்து நிற்கும் அயலானை உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா என்பதே அவ்வினா.

‘ஹோட்டல்’ பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் மூலம் ‘ஹாஸ்பெஸ்’ என்னும் லத்தீன் சொல். விருந்தாக வந்தவனையும் விருந்தோம்புபவனையும் அந்த ஒரு சொல்லே குறித்தது. ‘ஹாஸ்டல்’, ‘ஹாஸ்பிட்டல்’ ஆகியவையும் அதன் வழித்தோன்றல்களே. விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ட்’ என்ற சொல்லின் உறவோ இன்னும் வியப்பானது. அதன் வேரிலிருந்தே லத்தீனில் ‘ஹாஸ்டிஸ்’ என்ற சொல்லும் கிளைத்தது. முதலில் அயலானைக் குறித்த அச்சொல் பின்னர்ப் பகைவனைக் குறிப்பதாயிற்று. தமிழில் ‘விருந்து’ என்பதன் பழம்பொருள் புதுமை. புதியவனைக் கண்டு மகிழ்வதும் அஞ்சுவதும் மனித இயல்பின் இரு பக்கங்கள் போலும்.

‘லாட்ஜ்’, ‘லாபி’ இரண்டும் ஒரு ஜெர்மானிய மூலத்தைச் சேர்ந்தவை. இலைதழைகளால் வேய்ந்த பந்தலே அம்மூலத்தின் பொருள் என்பர். இன்று பளிங்குத் தரையிட்ட கூடத்தை லாபி என்கிறோம். ‘செக்’ என்பது சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல்லே மேற்கே சென்று இவ்வுருப் பெற்றது. அரசனுக்கு நேரும் ஆபத்தைக் குறித்த சொல், பின்னர் ‘தடுத்து நிறுத்து’ என்றும், அதன்பின் ‘சரிபார்’ என்றும் பொருள் விரிந்தது.

‘புக்கிங்’ என்பதற்கு இத்தகைய நெடுவழி இல்லை. இங்கிலாந்தில் குதிரை வண்டிகள் ஊருக்கு ஊர் ஓடிய காலத்தில், பயணம் செய்ய விரும்புவோர் வண்டி நிலையத்திற்குச் சென்று தம் பெயரைப் பேரேட்டில் எழுதுவித்தனர். புத்தகத்தில் ஏறிய பெயருக்கு வண்டியில் இடம் உறுதியாயிற்று. புகைவண்டி வந்தபோது அச்சொல்லும் உடன் வந்தது. நம் நாட்டு ரயில் நிலையங்களில் பயணச் சீட்டு வழங்கும் அறைக்குப் ‘புக்கிங் ஆபீஸ்’ என்ற பெயர் அவ்வழி வந்ததே.

வழிப்போக்கர் தங்குவதற்கு நம் நாட்டில் இடம் இல்லாமல் இருந்ததில்லை. வடக்கே சராய்களும் தர்மசாலைகளும், தெற்கே சத்திரங்களும் இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் தபால் வழிகளை ஒட்டி ‘டாக் பங்களா’க்கள் எழுந்தன. அங்கே தங்குவோர் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும். ஒரு நாள் தங்கியவர், புதிதாய் ஒருவர் வந்தால் அவருக்கு இடம் விடவேண்டும் என்பதும் வழக்கமாயிருந்தது. சராய்களையும் அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. 1867-ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் சராய் நடத்துவோரின் பெயர்களைப் பதிவு செய்யச் சொல்லிற்று. அன்றியும், முந்திய நாள் பகலிலோ இரவிலோ வந்து தங்கியவர் யார் யார் என்பதை, ஆணை பிறந்தால், மாஜிஸ்டிரேட்டுக்கு அறிவிக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆகவே, மேஜைமேல் விரித்து வைத்த பதிவேட்டிற்கு வணிகக் கணக்கு மட்டுமே தாயாகாது. அரசாங்கத்தின் ஐயமும் அதனை வளர்த்திருக்கிறது.

வரவேற்பு மேஜை என்பதே விடுதியின் வரலாற்றில் பிற்காலத்தது. பழைய இங்கிலாந்துச் சத்திரங்களில் உரிமையாளரே வாயிலுக்கு வந்து பயணியை அழைத்துச் செல்வார். தனியே ஓர் அலுவலகமும் எழுத்தரும் பணிப்பையன்களும் பூட்டுச் சாவியுள்ள தனியறைகளும் கொண்ட விடுதிக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1829-இல் திறக்கப்பட்ட டிரெமாண்ட் ஹவுஸைச் சொல்வது மரபு. அங்ஙனம் அமைந்த மேஜை, பயணிக்கும் முதலாளிக்கும் இடையே ஒரு வேலியும் ஆயிற்று. முதலாளி மறைந்து நின்றார். மறுப்புரையைக் குமாஸ்தாவோ மானேஜரோ சொன்னார்.

அம்மறுப்புரையைக் கேட்டவர்களுள் காந்தியடிகளும் ஒருவர். 1893-இல் ஜோகானஸ்பர்க்கில் கிராண்ட் நேஷனல் ஹோட்டலுக்குச் சென்று அறை கேட்டார். மானேஜர் அவரை ஒரு கணம் உற்று நோக்கினார். பிறகு மிகவும் வருந்துவதாகவும், இடம் நிரம்பிவிட்டதாகவும் மரியாதையோடு கூறி விடை கொடுத்துவிட்டார். இதனைத் தம் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். பின்னர் இந்திய வணிகர் ஒருவரிடம் அவர் இதனைச் சொன்னபோது அவ்வணிகர் நகைத்தாராம். ஹோட்டலில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததே அவருக்கு நகைப்பாக இருந்தது. ‘அறை காலியில்லை’ என்பதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். மேஜை மொழியின் திறமை அதுதான்.

இனி ‘ரிசர்வ்’ என்பதற்கு வருவோம். லத்தீனில் அதன் பொருள் ‘பின்னே எடுத்து வைத்தல்’. முன்கூட்டி எழுதியவருக்காக அறையை எடுத்து வைப்பது ரிசர்வேஷன். நம் நாட்டு ஹோட்டல்கள் பலவற்றின் சுவரில் தொங்கும் பலகையோ, உள்ளே அனுமதிக்கும் உரிமையைத் தமக்கே ‘ரிசர்வ்’ செய்துகொண்டதாகக் கூறுகிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவோ, பின்தங்கிய வகுப்பாருக்கு அரசாங்கப் பதவிகளில் இடம் எடுத்து வைப்பதை அதே சொல்லால் குறிக்கிறது. ஒன்று பணம் கொடுத்தவருக்கு, ஒன்று முதலாளிக்கு, ஒன்று நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டவருக்கு. இந்தியில் ரயில் இருக்கைக்கும் அரசாங்கப் பதவிக்கும் ‘ஆரக்ஷண்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. தமிழ் அவ்விரண்டையும் முன்பதிவு என்றும் இட ஒதுக்கீடு என்றும் பிரித்துக்கொண்டது. நம் கருத்தில் இது தமிழ் செய்த நல்ல காரியம். ஒதுக்குதல் என்னும் சொல்லுக்குத் தள்ளி வைத்தல் என்ற பொருளும் உண்டு. முன்பு தள்ளி வைக்கப்பட்டவருக்கு எடுத்து வைப்பதை அதே வினையால் சொல்கிறோம்.

சுவரிலுள்ள பலகைக்கு எல்லை வகுத்ததும் அரசியலமைப்பே. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் கடையிலோ பொது உணவகத்திலோ ஹோட்டலிலோ தடுக்கலாகாது என்று அதன் 15-ஆம் பிரிவு விதிக்கிறது. தீண்டாமை காரணமாக இவ்விடங்களில் நுழைவதைத் தடுப்போருக்கு 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனை விதித்தது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று 1976-இல் பெயர் மாற்றம் பெற்றதும் இச்சட்டமே.

அச்சட்டத்தை எழுதியோர் ஆங்கில அகராதியை மட்டும் நம்பியிருந்தால், சாப்பாட்டுக் கடை நடத்துபவர் ‘நம்முடையது ஹோட்டல் அன்று’ என்று தப்பியிருப்பார். இந்தியரின் நாவில் ஹோட்டல் என்பது பெரும்பாலும் உண்ணும் இடமே என்பதை அவர்கள் மறக்கவில்லை. சிற்றுண்டிச் சாலை, உணவும் உறையுளும் தரும் விடுதி, தங்கும் விடுதி, காபிக் கடை, கஃபே யாவும் ஹோட்டலில் அடங்கும் என்று விளக்கம் எழுதிவைத்தனர். பொதுமக்களுக்காக வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது என்ற பகுதியில் தர்மசாலை, சராய், முசாபிர்கானா என்னும் நாட்டுச் சொற்களும் ஹோட்டலுடன் ஒரே வரியில் அமர்ந்திருக்கின்றன.