கலைப்பீடத்துக்குப் போகிறவர்கள் முதலாம் வருடத்திலேயே யோசிக்க வேண்டியவை

2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தொடர் போராட்டம் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் செய்தி சேகரிக்கப் போன நான், அந்தக் கூடாரத்துக்குள் என்னோடு படித்த சிலரையும் கண்டேன். 2020இல் அரசாங்கம் சுமார் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுனர்களாகச் சேர்த்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச ஆளணியைக் குறைப்பது பற்றி அதிகம் பேசப்பட்டது. அடுத்த நியமனத்தை நம்பி மட்டும் படிப்பது ஆபத்தானது.

பொதுவா, சிறப்பா?

பொதுப்பட்டம் மூன்று வருடம், 90 கிரெடிட். சிறப்புப்பட்டம் நான்கு வருடம், 120 கிரெடிட். ஆய்வுப்பட்டம், விரிவுரையாளர் பதவி என்று யோசிப்பவர்களுக்குச் சிறப்புப்பட்டம் தேவை. பெரும்பாலும் ஆரம்ப வருடப் பெறுபேறுகளை வைத்தே அதற்குத் தெரிவு செய்கிறார்கள். 'முதல் வருடம்தானே' என்று இருந்துவிட்டு, விரும்பிய பாடத்தை இழந்தவர்களை எங்கள் பிரிவிலேயே பார்த்திருக்கிறேன்.

பாடத்தோடு ஒரு திறன்

புவியியல் படிப்பவர் புவியியல் தகவல் முறைமையைக் கையாளப் பழகினால் அனர்த்த முகாமைத்துவம், காணி, திட்டமிடல் சார்ந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சமூகவியல் மாணவர் கள ஆய்வையும் தரவுப் பகுப்பாய்வையும் கற்கலாம். தமிழ் படிப்பவருக்கு மொழிபெயர்ப்பும் பதிப்பு வேலையும் இருக்கின்றன. நான் ஊடகக்கற்கை முடித்து வேலை கேட்டுப் போனபோது ஆசிரியர் சான்றிதழைத் திறந்தும் பார்க்கவில்லை. கம்பஸ் காலத்தில் எழுதிய கட்டுரைகளைத்தான் கேட்டார்.

மொழி

தமிழ்மொழி மூலம் படிப்பவர்கள் சிங்களத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அரச சேவையில் சேர்ந்தால் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டியே ஆகவேண்டும். அரச சார்பற்ற நிறுவனங்களில் அறிக்கை எழுத ஆங்கிலம் தேவை. இறுதி வருடத்தில் ஆய்வுக்கட்டுரையோடு சேர்த்து இரண்டு மொழி படிக்க நேரம் கிடைக்காது.

போட்டிப்பரீட்சை

இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப்பரீட்சைக்குக் கலைப்பட்டதாரிகளும் தோற்றலாம். வயதெல்லை உண்டு, பரீட்சை எல்லா வருடமும் நடப்பதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியைப் பார்ப்பதைப் படிக்கும்போதே பழக்கமாக்குங்கள். கட்டுரை, நுண்ணறிவு வினாக்களில் பயிற்சி எடுங்கள். ஆசிரியராக விரும்புவோர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது

பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது. பலர் அந்தப் பக்கம் போவது இறுதி வருடத்தில்தான். முதல் வருடத்திலேயே போங்கள். உங்கள் துறையில் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் இருவரோடு பேசினாலே எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தத் திறனை வளர்ப்பது என்று ஓரளவு தெளிவு வரும்.

அந்தக் கூடாரத்தில் இருந்த என் நண்பர்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். இந்த விஷயங்களை அவர்களுக்கு நேரத்தோடு சொல்ல ஆளிருக்கவில்லை.