விழிஞம்: எல்லையின் துறைமுகம்

2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தணைந்தபோது, விழிஞம் புதியதொரு துறைமுகமாகவே பேசப்பட்டது. ஆயின் 8, 9ஆம் நூற்றாண்டுகளிலேயே அது ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிற்று. பாண்டியன் நெடுஞ்சடையன் அவ்வூரை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு குறிக்கிறது. கடலையே அகழியாகக் கொண்ட விழிஞத்தை முதலாம் இராசராசனின் தளபதி வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பாண்டியர், சேரர், சோழர் மூவரும் நாடிய இடைநிலமாக இருந்ததே இவ்வூரின் இயல்பை வகுத்தது.

போர் மட்டுமே ஆய் வரலாறு அன்று. 9ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் நிலமாற்றுச் செய்து, பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணாக்கர்க்கு ஒரு கல்விச்சாலையும் அமைத்தான். இதனைக் கூறும் செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை விழுந்தது. துறைமுகம் ஒருபுறம், அதன் மன்னன் நிறுவிய சாலை மறுபுறம்.

அன்றுமுதல் விழிஞம் கேரள வரலாற்றிலும், பார்த்திவபுரம் குமரி மாவட்ட வரலாற்றிலும் தனித்தனியே எழுதப்படுகின்றன. ஆனால் கருநந்தடக்கனின் நாட்டில் அவ்வெல்லை இல்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே, அந்நாடு போர்க்களமாக மட்டுமன்றிக் கல்வி நிலமாகவும் இருந்தமை புலப்படும்.