துருவத்தில் எழுந்த கேள்வி, மத்திய கோட்டில் கிடைத்த விடை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1945 டிசம்பரில் பேர்னார்ட் லவெல் இராணுவத்தின் பழைய ரேடார் கருவிகளை இங்கிலாந்தின் ஜொட்ரல் பாங்க் என்ற வெளிக்குக் கொண்டுபோனார். மன்செஸ்டர் நகரத்து ட்ராம் வண்டிகளின் மின் இரைச்சல் அங்கே இல்லை. 1947 ஓகஸ்டில் வடவானில் துருவ ஒளி தோன்றியது. விண்கற்களை அவதானித்துவந்த அதே ரேடாரில், ஒளி தெரிந்த திசையிலிருந்தும் எதிரொலிகள் வந்தன.

ஒளி ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புமா? அனுப்பாது. சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் வளியின் ஒரு பகுதி இலத்திரன்களாகவும் அயன்களாகவும் பிரிந்து பிளாஸ்மாவாக இருக்கிறது. அதுவே அயன மண்டலம். அது ஒரே சீராக இருந்தால் இந்த ரேடார் அலைகள் ஊடுருவிப் போய்விடும். திரும்பி வருகின்றன என்றால், இலத்திரன்கள் ஓரிடத்தில் அடர்ந்தும் அடுத்த இடத்தில் ஐதாகவும் வரிவரியாக அமைந்திருக்க வேண்டும். அந்த வரிகளை உண்டாக்குவது எது?

விடை பெரு நாட்டிலிருந்து வந்தது. துருவ ஒளியின் எதிரொலிகளை முன்னர் ஆராய்ந்த கென்னத் போல்ஸ், காந்த மத்திய கோட்டுக்கு மேலும் அதே மாதிரியான எதிரொலிகளைக் கண்டார். அங்கே பகலில் அயன மண்டலத்தில் வலுவான மின்னோட்டம் பாய்கிறது. 1963 இல் டொனால்ட் ஃபார்லியும் ஒஸ்கார் பியூனமனும் தனித்தனியே விளக்கம் தந்தார்கள். அந்த உயரத்தில் அயன்கள் வளி மூலக்கூறுகளோடு மோதித் தேங்குகின்றன, இலத்திரன்கள் ஓடுகின்றன. அந்த ஓட்டம் பிளாஸ்மாவில் ஒலி செல்லும் வேகத்தைத் தாண்டினால், சிறு கலக்கமும் அலையாக வளர்கிறது. துருவ ஒளியின்போது வடக்கிலும் நடப்பது இதுதான்.

நம் பக்கத்திலும் இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியா அதே 1963 இல் தன் முதல் ரொக்கெட்டை ஏவ கேரளத்தின் தும்பாவைத் தெரிவுசெய்ததும், காந்த மத்திய கோடு அருகில் இருந்ததால்தான்.

காரணம் தெரிந்ததும் அந்தக் கலக்கமே அளவுகோலானது. எதிரொலியின் டொப்ளர் பெயர்ச்சி வேகத்தைச் சொல்லும். ஆனால் ரேடார் பார்க்கும் திசையிலான கூறை மட்டும். உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்கு இது புரியும்: காவி முழுமையாக வேண்டுமென்றால் இரண்டு திசைகள் வேண்டும். 1977 இல் ரே கிரீன்வோல்டும் குழுவினரும் நோர்வேயின் மால்விக்கிலும் பின்லாந்தின் ஹன்கசல்மியிலும் இரண்டு ரேடார்களை வைத்து ஒரே வானத்தைப் பார்த்தார்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. இந்த வரிகள் காந்தப் புலக் கோடுகளின் வழியே நீள்பவை. அலை அவற்றைச் செங்குத்தாகச் சந்தித்தால்தான் எதிரொலி திரும்பும். துருவத்தருகே புலக் கோடுகள் ஏறத்தாழ நிலத்துக்குச் செங்குத்தானவை. எனவே நேர்கோட்டில் போகும் அலைக்கு மேல் அடுக்குகளில் அந்தக் கோணம் வாய்க்காது. 1983 இல் கனடாவின் கூஸ் பேயில் கிரீன்வோல்ட் நிறுவிய ரேடார், குறைந்த அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்தியது. அவை அயன மண்டலத்திலேயே முறிவடைந்து வளைந்து, அந்தக் கோணத்தைத் தாமாகவே அடைந்தன.

அதிலிருந்து வளர்ந்ததே சுப்பர்டார்ன் என்ற பன்னாட்டு வலையமைப்பு. இன்று 30க்கும் மேற்பட்ட ரேடார்கள் இரு துருவங்களிலும் பிளாஸ்மாவின் ஓட்டத்தை வரைபடமாக்குகின்றன. சூரியப் புயல் வந்தால் துருவப் பாதை விமானங்களின் வானொலித் தொடர்பும் ஜிபிஎஸ் துல்லியமும் குழம்புவது இந்த மண்டலத்தில்தான்.

வடக்கின் புதிரை விடுவித்தது மத்திய கோட்டின் வானம். பிள்ளைகளுக்கு அயன மண்டலம் படிப்பிக்கும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் தலைக்கு மேலிருக்கும் வானமும் ஓர் ஆய்வுகூடம்தான்.