பவளத் தீவுக்கு அடியில் ஒரு கணக்குப் புத்தகம்

நாற்பது வருஷமாக ஆழ்துளைக் கிணற்றுக்கு இரும்புக் குழாய் விற்கிறவன் நான். பட்டம் கிடையாது, ராத்திரி கடையைச் சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. "உங்களுக்கும் பவளப்பாறைக்கும் என்ன சம்பந்தம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். துளை போட்டு ஆழம் பார்க்கிற கதை எதுவானாலும் குழாய்க்காரனுக்குச் சொந்தக் கதைதானே!

சார்லஸ் டார்வின் 1842-ல் வெளியிட்ட நூலில் ஓர் ஊகம் சொன்னார். நடுக்கடலில் எரிமலைத் தீவு மெல்ல அமிழ்கிறது. அதன் விளிம்பில் பவளம் மேலே மேலே வளர்கிறது. கடைசியில் மலை மறைந்து, பவள வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்றார். மெய்யா என்று அறியத் துளைதான் போட வேண்டும். பெரும் பணக்காரர் எவராவது இதற்குச் செலவு செய்ய மாட்டாரா என்று 1881-ல் ஒரு கடிதத்தில் ஏங்கினார். மறு வருஷம் காலமாகிவிட்டார்.

லண்டன் ராயல் சொசைட்டி பசிபிக் கடலின் ஃபுனாஃபுட்டித் தீவில் 1896 முதல் 1898 வரை மூன்று முறை முயன்றது. 1,114 அடி போனார்கள். எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. 1952-ல் அமெரிக்கர்கள் எனிவெடோக்கில் 4,600 அடி ஆழத்தில் எரிமலைக் கல்லைத் தொட்டார்கள். டார்வின் சொன்னது சரியாயிற்று. ஆனால் அந்த இடம் அணுகுண்டுச் சோதனைக் களம். அதே வருஷம் நவம்பர் 1 அன்று ஹைட்ரஜன் குண்டு வெடித்து, அங்கிருந்த எலுகெலாப் என்ற தீவே காணாமற்போனது. 1947-ல் வெளியேற்றப்பட்ட எனிவெடோக் ஜனங்கள் 1980-ல்தான் திரும்ப முடிந்தது. கொல்லாமையே அறம் என்று கேட்டு வளர்ந்த சமண வீட்டுப் பிள்ளையான எனக்கு அந்த வெற்றி இனிக்கவில்லை.

பவளத்தைத் துளைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாறை பொந்தும் பொடியுமாக இருப்பதால், வெட்டியெடுக்கும் உருளை அரைகுறையாகத்தான் மேலே வரும். செல்லரித்த ஏடு மாதிரி. விட்டுப்போன வரிகளை அறியத் துளைக்குள் காமா கதிர் அளவியை இறக்குகிறார்கள். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கதிர் விடும். கருவியிலுள்ள படிகம் கதிர் படும்போது மினுக்கும். அந்த மினுக்குகளை எண்ணி, ஆழவாரியாகக் கோடு வரைவார்கள். சுத்தச் சுண்ணாம்பில் கதிர் குறைவு. முன்னொரு காலம் கடல் இறங்கிப் பவளம் வெயிலில் கிடந்து, அதன்மேல் களிமண் படிந்திருந்தால், அங்கே கோடு துள்ளும். துளையின் சுவர் இடியுமே என்று பயமில்லை; கதிர் ஓரளவு இரும்பையும் ஊடுருவுவதால் குழாயை உருவாமலே அளக்கலாம். இதைப் படித்த மறுநாள் கடைக் குழாயைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

2005-ல் தாஹிதிக் கடலில் 37 துளைகள் போட்டு, சிலவற்றில் இந்தக் கருவியையும் இறக்கினார்கள். கோடு அடுக்கைக் காட்டும், வயதைச் சொல்லாது. வயதுக்கு, பவளத் துண்டில் யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று தனியே அளந்தார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது: சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன், 350 ஆண்டுகளுக்குள் கடல் 14 முதல் 18 மீட்டர் வரை ஏறியிருக்கிறது!

நம் லட்சத்தீவும் பவளத் தீவுதான். பல இடங்கள் கடலுக்கு ஓரிரு மீட்டரே உயரம். பழைய பேரேட்டைப் பார்க்காமல் புதுக்கணக்குப் போடாதே என்பார் என் தகப்பனார். கடலின் பழைய பேரேடு பவளத்துக்குள் இருக்கிறது. நம் சங்கத்துப் பிள்ளைகள் யாராவது ஜியாலஜி படிப்பதாயிருந்தால் ஒருமுறை கடைக்கு வரட்டும். குழாயைக் காட்டியே மீதிக் கதையைச் சொல்கிறேன்.