நூலகம் காத்த மாணவர் குரல்

ஒரு சமுதாயம் கல்வியிற் சிறக்கப் பள்ளிகளும் விடுதிகளும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதன நூலகங்கள். அறிஞர் எழுதிய நூல்களை மாணவர் எடுத்துப் படிக்கும் இடமே நூலகம் என்று பலரும் கருதுகின்றனர். மாணவர் எழுதியவற்றைக் காத்து வைப்பதும் கல்லூரி நூலகத்தின் கடமை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கடமையின் அருமையை அண்ணல் அம்பேத்கரின் மாணவ வாழ்க்கையே நமக்கு உணர்த்துகிறது.

பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் வழங்கிய உதவித்தொகையைக் கொண்டு, அண்ணல் 1913-ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் ஆராய்ந்து, முதுகலைப் பட்டத்திற்குரிய ஆய்வேட்டை அளித்தார். 1916 மே 9-ஆம் நாள் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையைப் படித்தார். அகமணமே சாதியின் ஆணிவேர் என்று அதில் நிறுவியபோது அவருக்கு வயது 25.

1917-இல் உலகப் போர் நடுவே அவர் தாயகம் திரும்பினார். அரும்பாடுபட்டுத் திரட்டிய நூல்களை ஏற்றிவந்த கப்பல் தாக்குண்டு மூழ்கியது. சொந்தப் பெட்டியில் இருந்தவை கடலுக்கு இரையாயின; நிறுவனங்களின் காப்பில் இருந்தவை பிழைத்தன. கருத்தரங்கக் கட்டுரை அதே ஆண்டு மே மாதம் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அச்சேறி நூலகங்களிற் சேர்ந்தது. முதுகலை ஆய்வேடோ அவர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை. எழுதி 74 ஆண்டுகள் கழித்து, 1989-இல், மராட்டிய அரசு வெளியிட்ட அவருடைய எழுத்துத் தொகுப்பின் ஆறாம் தொகுதியில் அது இடம்பெற்றது. காத்து வைத்த படி ஒன்று இல்லையேல் இன்று அது நம் கைக்கு எட்டியிராது.

காக்கும் வழிகள் காலத்திற்கேற்ப மாறின. நம் முன்னோர் செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். அமெரிக்காவில் யூஜீன் பவர் 1938-இல் தொடங்கிய நிறுவனம் ஆய்வேடுகளை நுண்படச் சுருளில் பதிவு செய்தது. 1997-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை மின்வடிவிலேயே அளிக்க வேண்டுமென விதித்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதிகள், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளைப் பொதுப் பார்வைக்கு வைக்க வழி செய்தன. அவை ‘சோத்கங்கா’ என்னும் மின்களஞ்சியத்திற் சேர்க்கப்படுகின்றன. சிற்றூரில் இருக்கும் மாணவியும் இன்று அவற்றை இல்லத்திலிருந்தே படிக்கலாம்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. முதுகலை ஆய்வேட்டையும் கருத்தரங்கக் கட்டுரையையும் அவ்விதி தொடுவதில்லை. அண்ணலின் முதல் எழுத்துகளோ அவ்விரு வகையையும் சார்ந்தவை! விடுதிகளின் கையெழுத்து இதழ்கள், மாணவர் மன்றத் தீர்மானங்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் தன்வரலாறுகள் ஆகியவற்றுக்கும் காவல் இல்லை. பிறர் நம்மைப் பற்றி எழுதிய அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் நிலைத்திருக்க, நாமே நம்மைப் பற்றி எழுதியவை பழைய தாள் விலைக்குப் போவது முறையாகுமா?

இளைஞர்களே! உங்கள் ஆய்வேட்டின் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும், மற்றொன்றை நம் சங்க நூலகத்திலும் சேர்ப்பியுங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தவறாது குறியுங்கள். கையெழுத்து இதழ்களை, எழுதியோரின் இசைவு பெற்று, மின்படி எடுங்கள். மின்படி எடுத்ததும் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். கருவிகள் மாறும், இன்று திறக்கும் கோப்பு நாளை திறவாமற் போகலாம். ஆதலின் ஏட்டைப் பெயர்த்தெழுதியது போலவே மின்படியையும் காலந்தோறும் புதுப்பித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள்.

25 வயது மாணவர் ஒருவர் வகுப்பிற் படித்த கட்டுரை, ஒரு நூற்றாண்டு கடந்தும் நமக்கு வழிகாட்டுகிறது. நம் பிள்ளைகள் இன்று எழுதுவனவற்றுள் எது நாளை வழிகாட்டும் என்பதை யாரும் அறியார். ஆதலால் அனைத்தையும் காப்போம்.