மிதந்துபோக ஒரு ஆறு

கித்துல்கலைக்குச் சுற்றுலா போய், களனி கங்கையில் ரப்பர் படகில் மிதந்த படங்களை எங்கட பெடியள் இப்ப கனக்கப் போடுறாங்கள். 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் பிடிச்சதும் அந்த ஊரிலைதான். சரி, குடாநாட்டில் ஆள் மிதந்துபோக ஆறு இருந்ததா?

பேருக்கு இருக்கு. தொண்டைமானாறு, உப்பாறு. இரண்டும் கடல்நீரேரிகள். மெய்யாக ஓடுவது வழுக்கியாறு ஒன்றுதான். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் கடலேரியைச் சேருகிறது. ஏறத்தாழ 16 கிலோமீற்றர். அதுவும் மாரியில் குளங்கள் நிரம்பி வழிந்தால்தான். அந்தச் சில கிழமைகளில் வாழைக்குத்தியைக் கட்டியோ, லொறி ரியூப்பில் ஏறியிருந்தோ வெள்ளத்தோடை போகலாம். துடுப்பும் வேண்டாம். கோடையில் அதே இடத்தில் மாடு மேயும். செங்கை ஆழியான் தன் நாவலுக்கு 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' என்று பேர் வைத்தார். ஆண்டின் பெரும்பகுதி அதில் நடக்கத்தானே முடியும்!

காரணம் காலுக்குக் கீழே. சுண்ணக்கல் மழையைக் குடித்துவிடும். குடித்த நன்னீர் நிலத்தடியில் உவர்நீரின் மேல், பாரம் குறைவென்பதால், மிதந்தபடி நிற்கும். இஞ்சை உண்மையா மிதக்கிறது ஆக்களில்லை, கிணத்துத் தண்ணிதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். அதனால் கடலுக்கு ஓடும் தண்ணி பெடியளுக்கு விளையாட்டு, தோட்டக்காரனுக்கு நட்டம்.

1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' திட்டம் தோட்டக்காரன் பக்கம் நின்றது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகட்டி உப்பை வெளியே நிறுத்துவது. பேர் ஆறு என்றாலும் நோக்கம் ஓடவிடுவதல்ல, மறித்து வைப்பது. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் எண்ணியபடி அது முழுமை பெறவில்லை. (அதே ஆண்டு தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையையே நீந்திக் கடந்தார். ஆறில்லாத ஊரில் கடல்தானே மிச்சம்.)

வழுக்கியாற்றுக் குளங்கள் பல தூர்ந்துபோச்சு. கனமழை வந்தால் வெள்ளம் வயலுக்கும் வளவுக்கும் ஏறுது. பெடியள் ரியூப்போடை இறங்க, தாய்மார் தடியோடை வருகினம்.