ஆட்ட நிறுத்தம் (அல்டிமேட் ஃப்ரிஸ்பீ)

நடுவரில்லாத தட்டெறி ஆட்டமான அல்டிமேட்டில், ஃபவுல் போன்ற விதிமீறலை ஆட்டக்காரரே அறிவிக்கும்போது ஆட்டம் நிற்பது. சென்னைக் கடற்கரையில் நடத்தப்படும் 'சென்னை ஹீட்' போட்டியிலும் தீர்ப்பு ஆட்டக்காரர்களுடையதே. அறிவிக்கும்போது தட்டு காற்றில் இருந்தால், அது பிடிபடும்வரை அல்லது தரையில் விழும்வரை ஆட்டம் தொடரும்.

மீறல் குறித்து ஆட்டக்காரர்கள் பேசி முடித்ததும் அனைவரும் உரிய பழைய இடங்களுக்குத் திரும்புவர்; தடுப்பணியினர் ஒருவர் தட்டைத் தொட்டு 'செக்' செய்ய, ஆட்டம் மீண்டும் தொடங்கும்.

உலகப் பறக்கும்தட்டுக் கூட்டமைப்பின் 2021 விதிகளின்படி, எறிபவர் தட்டை எறிந்துவிட வேண்டிய 10 எண்ணிக்கை இவ்வாறு தொடரும்:

- தடுப்பணி ஒப்புக்கொண்ட மீறல்: 1 முதல்.
- எண்ணிக்கை முடிந்ததா என்பதில் தகராறு: அதிகபட்சம் 8.
- 'பிக்' (தடுப்பவரின் வழியை மற்றொரு ஆட்டக்காரர் மறிப்பது) உள்ளிட்ட பெரும்பாலான பிற நிறுத்தங்கள்: அதிகபட்சம் 9.

'அதிகபட்சம் 9' என்றால், கடைசியாகச் சொன்ன எண்ணுக்கு அடுத்தது, 9 ஆகிய இரண்டில் சிறியது. 4-இல் நின்றால் 5 முதல் எண்ண வேண்டும்.